பேப் ரூத் பந்தும் ஒரு சான்றிதழும்

இந்த வாரம் மறுபடியும், அமெரிக்க பேஸ்பால் ஜாம்பவான் பேப் ரூத் கையெழுத்திட்டதாகச் சொல்லப்படும் ஒரு பந்து மேசைக்கு வந்தது. கூடவே தங்க முத்திரை ஒட்டிய சான்றிதழ். பந்தைத் திருப்பினால் அமெரிக்கன் லீக் என்ற பேஸ்பால் அமைப்பின் தலைவர் ஜோ குரோனின் பெயர் அச்சாகியிருக்கிறது. குரோனின் தலைவரானது 1959-ல். ரூத் இறந்தது 1948-ல். இதைச் சொன்னதும் கொண்டுவந்தவர் கேட்டார்: "ஆனா சர்டிபிகேட் இருக்கே?"

ஐயா, கையெழுத்தையே போலியாகப் போடத் துணிந்தவனுக்கு ஒரு தாளை அச்சடிக்கக் கஷ்டமா? சான்றிதழ் கொடுக்க எந்த உரிமமும் தேவையில்லை. பிரிண்டர் இருந்தால் போதும். 1990-களின் இறுதியில் எஃப்.பி.ஐ. நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் சிக்கிய போலிகளும் சான்றிதழோடுதான் விற்பனையாகின. அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூட அந்தக் குவியலில் இருந்தது. அதையும் வாங்க ஆள் இருந்திருக்கிறார்கள்!

யார் கொடுத்தது, எதைப் பார்த்துக் கொடுத்தது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை அமைப்பான மேஜர் லீக் பேஸ்பால் 2001-ல் தொடங்கிய திட்டத்தில், கையெழுத்துப் போடும்போது ஒருவர் அருகிலிருந்து பார்த்து, எண்ணிட்ட ஹோலோகிராம் ஒட்டுகிறார். அது சாட்சி. பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற சரிபார்ப்பு நிறுவனங்கள் பழைய கையெழுத்துக்குத் தருவது நிபுணர் கருத்து. சந்தை அதை மதிக்கிறது. இருந்தாலும் கருத்து கருத்துதான். அந்த ஸ்டிக்கர்களுக்கும் போலி உண்டு. எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுச் சரிபாருங்கள்.

"தாத்தா நேரில் வாங்கிய கையெழுத்து" என்பவர்களிடம்தான் பேசச் சங்கடம். தாத்தா பொய் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அந்தக் காலத்தில் பந்தை உடைமாற்றும் அறைக்குள் எடுத்துப்போன பையனே நட்சத்திர வீரர் பெயரை எழுதி வெளியே கொண்டுவருவது சகஜம். பழைய நட்சத்திர வீரர் ஷூலெஸ் ஜோ ஜாக்சனுக்கு எழுதப் படிக்கச் சரியாக வராது. பல நேரம் மனைவிதான் அவர் பெயரில் கையெழுத்திட்டார். அதனால்தான் அவரே போட்ட கையெழுத்துக்கு அவ்வளவு விலை.

சரி, அசல்தான் என்றாலும் பணம் கொட்டாது. பேஸ்பால் வீரர் பீட் ரோஸ் பல ஆண்டுகள் கட்டணம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். ஆட்டத்தில் பெரும்புள்ளி, ஆனால் அவர் பந்து மலிவு.

வாங்குமுன் பந்தையும் பேனாவையும் பாருங்கள். ரூத் அல்லது அவருடைய சக வீரர் லூ கெரிக் பெயர் ராலிங்ஸ் நிறுவனத்தின் அதிகாரபூர்வ லீக் பந்தில் இருந்தால் நடையைக் கட்டுங்கள். அந்தப் பந்துகள் 1977-ல்தான் வந்தன. கெரிக் இறந்தது 1941-ல், பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1945-ல். அப்புறம், எல்லாக் கோடும் ஒரே அழுத்தத்தில், ஒரே நிறத்தில் இருந்தால் அது அச்சு. ஒரு பூதக்கண்ணாடி போதும்.

கையில் உள்ளதைக் கெடுக்காதீர்கள். வார்னிஷ் வேண்டாம், பழுப்பேறிப் போகும். வெயில் படும் அலமாரி வேண்டாம். மங்கிய எழுத்தின் மேல் பேனாவை ஓட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மிச்சமிருந்த விலையும் அதோடு போச்சு.

புதிதாகக் கையெழுத்து வாங்கப் போகிறவர்கள் நீல பால்பாயிண்ட் கொடுங்கள். மார்க்கர் மை பந்தின் தோலில் ஊறிப் பரவும். தையல்கள் நெருங்கும் குறுகிய இடத்தில் ஒரே ஒரு கையெழுத்து இருந்தால் விலை அதிகம். பிள்ளையின் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னால் பொதுவாக விலை குறையும். விற்கிற எண்ணம் இல்லையென்றால் தாராளமாகச் சொல்லுங்கள்.