ராத்திரி ஒன்றரைக்குப் பிள்ளை ஏன் எழும்புகிறது?

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பெற்றோர் ஒன்லைன் கேம் என்றதும் கேட்பது, “எத்தனை மணித்தியாலம் விடலாம்?” என்றுதான். அந்த கேம் பிள்ளையிடம் எதைக் கேட்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

1999இல் வந்த எவர்குவெஸ்ட், பலர் ஒரே உலகில் சேர்ந்து விளையாடும் ஒன்லைன் கேம்; அது கூட்டாளிகளைக் கேட்டது. பாத்திரம் செத்தால் சேர்த்த அனுபவப் புள்ளிகள் குறையும். உடைமைகள் விழுந்த இடத்திலேயே கிடக்கும். தனியாளாய்ப் போய் மீட்பது கஷ்டம், அதனால் நட்பு உண்டானது. 2004இல் வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட் அந்தக் கடுமையைத் தளர்த்தியது. நெடுநேரம் விளையாடினால் கிடைக்கும் புள்ளி குறையும் என்று, வெளியிடுமுன் சோதனைக் காலத்தில் வைத்திருந்ததை விளையாடுவோர் வெறுத்தார்கள். அதையே, ஓய்வெடுத்து வந்தால் கிடைக்கும் புள்ளி கூடும் என்று மாற்றினார்கள், எதிர்ப்பு அடங்கியது. 2009இல் குழுவைத் தானாகச் சேர்க்கும் வசதியும் வந்தது. வசதிதான், ஆனால் பக்கத்தில் நின்று சண்டை போடுபவரின் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை. இந்த வகை கேம்கள் அதிகம் இழந்தது அங்கேதான் என்பது எங்கள் எண்ணம்.

பிறகு மாதச் சந்தா போய், இலவசமாக நுழைந்து உள்ளே செலவழிக்கும் முறை பரவியது. 2020இல் வந்த ஜென்ஷின் இம்பாக்டில் நாலு பேர் வரை சேர்ந்து விளையாடலாம். அதில் அரிதான ஐந்து நட்சத்திரப் பாத்திரம் ஒரு குலுக்கலில் விழும் வாய்ப்பு 0.6%. 90ஆவது குலுக்கலில் ஒன்று நிச்சயம். ஒரு குலுக்கலுக்கு 160 கற்கள் (கேமுக்குள் காசு மாதிரிப் புழங்குபவை) என்றால் 90க்கு 14,400 கற்கள். அப்போதும் ஆசைப்பட்ட பாத்திரமே வரும் என்றில்லை. விளையாடியும் கற்கள் சேர்க்கலாம், காசுக்கும் வாங்கலாம். கல்லாக மாறியபின் ரூபாய்க் கணக்கு பிள்ளைக்கு மறந்துபோகும்.

இன்னொன்று நேரம். ஜென்ஷினின் ஆசிய சேர்வரில் நாள் புதுப்பிக்கப்படுவது, அதாவது அன்றைய பணிகள் புதிதாக வருவது, நம் நேரப்படி அதிகாலை 1.30க்கு. அதற்காக விழித்திருக்கத் தேவையே இல்லை. பரிசு எடுக்கத் தேவையான சக்தி 8 நிமிடத்துக்கு ஒன்றாக ஊறி 200இல் நிற்கும். நிரம்ப 26 மணி 40 நிமிடம். பாடசாலை விட்டு வந்து ஒரு தடவை திறந்தால் போதும். இந்தக் கணக்கைப் பிள்ளையோடு உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள்.

சேர்ந்து விளையாடும்போது நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. சாப்பிடக் கூப்பிடுவதானால் சண்டை தொடங்குமுன் கூப்பிடுங்கள். மழைக்கு சிக்னல் விட்டுவிட்டு வரும் தோட்டங்களில், இணைப்பு அறுந்ததற்கும் கூட விளையாடுபவர்களிடம் பிள்ளைதான் ஏச்சு வாங்கும். அந்த நேரத்தில் வீட்டிலும் ஏச வேண்டாம்.

பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றுங்கள். வங்கி அட்டை இணைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பிள்ளையின் கைரேகை உங்கள் போனில் பதிவாகியிருந்தால் கைரேகைப் பூட்டால் பயனில்லை; முதலில் அதை அழியுங்கள்.