பழைய வெள்ளிப் பாத்திரம் ஏன் கறுக்கிறது?

வெள்ளித் தட்டைத் துடைக்காமல் விட்டால் முதலில் லேசாக மஞ்சள் படரும். அப்புறம் பழுப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும். வெள்ளி கறுக்கக் கந்தகம் வேண்டும். காற்றில் துளியூண்டு இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவே போதும், மேற்பரப்பில் வெள்ளி சல்பைடு படலம் உண்டாகிவிடும். படலத்தின் மேலேயும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலக்கிறது. படலம் தடிக்கத் தடிக்க அந்தக் கலப்பு மாறுவதால்தான் இத்தனை நிறங்கள்.

முட்டையிலும் கந்தகம் உண்டு. அதனால் ஐரோப்பியச் செல்வந்தர்கள் முட்டைக் கரண்டிக்குத் தங்க முலாம் பூசிக்கொண்டார்கள். உப்பு வெள்ளியை அரிக்கும் என்பதால் உப்புக் கிண்ணத்தின் உட்புறத்துக்கும் அதே முலாம்.

வெள்ளிக்கு இவ்வளவு அந்தஸ்து கிடைத்ததில் இந்தக் கறுப்புக்கும் பெரிய பங்கு உண்டு என்பேன். விருந்து மேசை முழுக்க வெள்ளி பளபளக்கிறது என்றால், அதைத் தேய்த்துக்கொண்டே இருக்க அந்த வீட்டில் வேலையாட்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். வாங்கப் பணம் இருந்தால் மட்டும் போதாது.

இன்னொரு காரணம், உருக்கினால் அது காசு. 1689-ல் போர்ச் செலவுக்காகப் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி, வெர்சாய் அரண்மனையின் வெள்ளி மேசைகளையும் நாற்காலிகளையுமே உருக்கக் கொடுத்துவிட்டார். இங்கிலாந்தில் கதை தலைகீழ். அங்கே அப்போது நாணயமும் பாத்திரமும் ஒரே ஸ்டெர்லிங் தரம்: 92.5 சதவீதம் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. தூய வெள்ளி மிருதுவானது, எளிதில் நசுங்கும். செம்பு சேர்ந்தால்தான் உறுதி. ஒரே தரம் என்பதால் நாணயங்களை உருக்கிப் பாத்திரம் செய்யத் தொடங்கினார்கள். அதைத் தடுக்க 1697-ல் பாத்திரத்துக்கு மட்டும் தரத்தை 95.8 சதவீதமாக உயர்த்தினார்கள். 1720-ல்தான் ஸ்டெர்லிங் பாத்திரங்களுக்கு மறுபடி அனுமதி கிடைத்தது.

பாலிஷ் போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கறுப்போடு கொஞ்சம் வெள்ளியும் போய்விடும். பல தலைமுறை தேய்த்த பாத்திரத்தில் குடும்பச் சின்னமும் தர முத்திரையும் மழுங்கிக் கிடப்பது இதனால்தான். அலுமினியத் தாளோடு சேர்த்துச் சோடா உப்பு கலந்த வெந்நீரில் மூழ்க வைத்தால், அலுமினியம் கொடுக்கும் எலெக்ட்ரான்களால் வெள்ளி சல்பைடு திரும்ப வெள்ளியாகிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழம்பொருளுக்கு இதைச் செய்யாதீர்கள். செதுக்கு வேலையின் பள்ளங்களில் தங்கிய கறுப்புதான் பூவையும் கொடியையும் எடுத்துக் காட்டுகிறது, அதுவும் போய்விடும். பழைய வெள்ளிக் கத்திகளின் கைப்பிடி பெரும்பாலும் உள்ளே வெற்றாக இருக்கும். அதில் அடைத்திருக்கும் பிசின் சூட்டில் இளகினால், கத்தி கழன்று கையோடு வந்துவிடும்.