அக்காவின் கைவேலை, தம்பியின் மூக்கு

இரண்டு வாரமாகச் சளி நிற்கவில்லை என்று மூன்று வயதுப் பையனைக் கூட்டி வந்தார்கள். வலது மூக்கில் மட்டும்தான் சளி. கிட்டே போனாலே நாற்றம் அடித்தது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவருக்கு முதலில் வரும் சந்தேகம், உள்ளே ஏதோ மாட்டியிருக்கிறது என்பதுதான். எடுத்துப் பார்த்தால் பச்சைச் சாயம் பூசிய தெர்மோகோல் உருண்டை. பழைய அட்டைப்பெட்டியில் அக்கா செய்த மரத்துக்கு அதுதான் இலை.

இப்படி வரும் குழந்தைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று உண்டு. கைவேலை செய்யும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை; பக்கத்தில் பெரியவர்கள் இருக்கிறார்கள். வேலை முடிந்து எல்லோரும் எழுந்துபோன பிறகு, தரையில் கிடக்கும் மிச்சம் மீதியைப் பொறுக்குவது வீட்டின் கடைக்குட்டி.

அதனால் கைவேலையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முட்டை அட்டை, செய்தித்தாள், செருப்புப் பெட்டி, கிழிந்த துணி எல்லாம் அருமையான பொருட்கள். கிழித்து, மடித்து, ஒட்டப் பழகும் விரல்கள் பிறகு பென்சிலையும் நன்றாகப் பிடிக்கும். கைவேலைப் பெட்டிக்குள் எது போகலாம் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள். டிஷ்யூ ரோல் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாய் இதற்கு நல்ல அளவுகோல். அதன் வாய் சுமார் 4 செ.மீ. அகலம். அதற்குள் நுழையும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. மூடி, மணி, பட்டன் எல்லாம் இதில் அடங்கும். படம் ஒட்ட எடுக்கும் பயறும் அப்படித்தான். மூக்கின் ஈரத்தில் ஊறிப் பெருத்துவிடும்.

பூச்சிமருந்தோ கழிவறை கழுவும் திரவமோ இருந்த பாட்டில், எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். அந்தப் பாட்டில் விளையாட்டுச் சாமான் என்று குழந்தை மனதில் பதிந்துவிடும்.

என்னை அதிகம் பயமுறுத்துவது பட்டன் பேட்டரி, அதாவது காசு போல் வட்டமாக இருக்கும் சிறிய பேட்டரி. பழைய ரிமோட், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, உடைந்த பொம்மை என்று கைவேலைக்காகப் பிரிக்கும் பொருட்களில் அது ஒளிந்திருக்கும். ஈரமான சதையில் பட்டதும் மின்சாரம் பாய்ந்து, அந்த இடத்தில் அரிக்கும் காரம் உண்டாகிறது. உணவுக்குழாயில் மாட்டினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாகிவிடும். மூக்கில் மாட்டினால் நடுச்சுவரில் ஓட்டை விழலாம். கடிகாரத்தை ஓட்ட வலுவில்லாத பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும்.

பட்டன் பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் போதும், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை, விழுங்க முடிகிறது, 12 மணி நேரம் தாண்டவில்லை என்றால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு முறை வரை. தேன் அரிப்பை மெதுவாக்கும், அவ்வளவுதான். தேன் தேடிக்கொண்டு நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

மூக்கிலோ காதிலோ எது போயிருந்தாலும் ஹேர்பின், பட்ஸ் கொண்டு நோண்ட வேண்டாம். இன்னும் உள்ளேதான் தள்ளும். தண்ணீர், எண்ணெய், சொட்டு மருந்து எதையும் ஊற்றவும் வேண்டாம். எக்ஸ்ரேயில் பேட்டரி தெரியும். தெர்மோகோலும் பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் தெரியாது. ஆகவே என்ன பொருள் என்று நீங்கள் சொல்வது எங்களுக்குப் பெரிய உதவி. அதே மாதிரி இன்னொன்று வீட்டில் இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள்.

அன்று அந்த அக்கா கதவோரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். தன்னால்தான் தம்பிக்கு இப்படி ஆனது என்று நினைத்துவிட்டாள். உன் மரம் அழகாக இருந்திருக்கும், உருண்டைகளை எண்ணி வைக்க வேண்டியது பெரியவர்களின் வேலை என்று அவளிடம் சொன்னேன். அப்புறம் அவள் அப்பாவைப் பார்த்து, இன்று வீட்டுக்குப் போனதும் தரையில் முட்டி போட்டு, சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள் என்றேன். மறுமுறை காட்ட வந்தபோது சொன்னார், அன்றைக்கு ஐந்து உருண்டை கிடைத்ததாம்.