மூன்றுக்கு ஒரு கிளைசின்

தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம், அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகளால் ஆனது. அந்தச் சங்கிலியில் கிளைசின் என்ற அமினோ அமிலம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எண்ணிப் போனால், மூன்று தள்ளி மறுபடி கிளைசின், அப்புறம் இன்னும் மூன்று தள்ளி இன்னொரு கிளைசின், இப்படியே சுமார் 1000 அமினோ அமிலங்கள் வரைக்கும் போகும். இந்த வரிசைதான் புரதத்தின் முதல்நிலை அமைப்பு. சங்கிலி சுருள்வது இரண்டாம் நிலை, மடிந்து முழு உருவம் பெறுவது மூன்றாம் நிலை, பல சங்கிலிகள் சேர்வது நான்காம் நிலை என்று பாடத்தில் படித்திருப்போம். ஆனால் அடியில் உள்ள வரிசை மேலே உள்ளதையெல்லாம் எப்படித் தீர்மானிக்கிறது என்பதுதான் இதில் உண்மையான அதிசயம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்து, கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆனது என்று 1954இல் சொன்னார்கள். அந்த மூன்றும் கயிற்றுப் புரிகளைப் போல ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருப்பதாக அடுத்த ஆண்டே அதை மேம்படுத்தினார்கள். அப்படிச் சுற்றும்போது ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றுக்கு ஓர் அமினோ அமிலம் நடு அச்சுக்குள் வந்தே ஆகவேண்டும். அங்கே இடமே கிடையாது. பக்கக் கிளையாக வெறும் ஒரு ஹைட்ரஜன் அணுவை மட்டும் வைத்திருக்கும் கிளைசின்தான் அதில் நுழைய முடியும். ஒரே ஒரு கிளைசினுக்குப் பதில் கொஞ்சம் பருமனான வேறொன்று வந்து உட்கார்ந்தாலும் போதும், முறுக்கு கெட்டு, லேசான அடிக்கே எலும்பு முறியும் நோய் வரலாம்.

மூன்று சங்கிலிகளும் சரியாக ஒரே இடத்தில் தொடங்குவதற்கும் ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொன்றின் முனையிலும் உருண்டையாக மடிந்த ஒரு பகுதி உண்டு. இந்த உருண்டைகள் முதலில் ஒன்றுகூடும், அங்கிருந்து முறுக்கு மறுமுனை வரை ஏறும், வேலை முடிந்ததும் நொதிகள் அவற்றை வெட்டிவிடும்.

ஆட்டுக்காலை வெகுநேரம் கொதிக்கவைத்தால் இந்த முறுக்கு பிரிந்துவிடுகிறது. சங்கிலிகள் கொஞ்சம் அறுந்தாலும் வரிசை பெரும்பாலும் அப்படியே இருப்பதால், சூப் ஆறும்போது அவை அங்கங்கே மறுபடி முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். ஆனால் சேர்த்துவைக்கும் உருண்டைகள்தான் எப்போதோ போய்விட்டனவே! அதனால் தாறுமாறாகப் பின்னி ஒரு வலையாகி, நடுவில் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. ஃபிரிட்ஜில் வைத்த சூப் ஜெல்லி மாதிரி உறைவது இதனால்தான்.