நோடு என்றால் கணு

பல்லுயிர்த் தகவல்களை நாடுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள, 2001-ல் ‘ஜிபிஃப்’ (GBIF) என்ற உலக அமைப்பு உருவானது. தலைமைச் செயலகம் கோபன்ஹேகனில் இருக்கிறது. இதில் சேரும் நாடு, உள்நாட்டு வேலையை ஒருங்கிணைக்க ஓர் அமைப்பை ஏற்படுத்த வேண்டும். ஆங்கிலத்தில் அதன் பெயர்தான் ‘நோடு’ (node). தமிழில் எழுதும்போது சட்டென்று ‘தேசிய மையம்’ என்று கைக்கு வந்துவிடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, பொருள்தான் வழுக்கிவிடுகிறது.

மூலம் லத்தீன் ‘நோடுஸ்’. கயிற்றில் போடும் முடிச்சு என்று பொருள். முடிச்சைப் போலப் புடைத்ததும், இரண்டு கோடுகள் சந்திப்பதும் பிறகு இந்தப் பெயரைப் பெற்றன. வானியலில், நிலவின் பாதை சூரியப் பாதையை வெட்டும் இரண்டு இடங்களும் நோடுகள். நம் பஞ்சாங்கத்தில் அவை ராகு, கேது! தாவரவியலில் தண்டில் இலை கிளம்பும் இடம். கணினி வலையமைப்புக்கு வந்தது கடைசியில்தான். ஸ்பானிய மொழி இந்த ஒரே வேரிலிருந்து இரண்டு சொற்களை வைத்திருக்கிறது: கயிற்று முடிச்சுக்கு ‘நூதோ’, வலையமைப்புக்கு ‘நோதோ’.

ஸ்பானியம் பேசும் கொலம்பியாவையே பார்ப்போம். அங்கே தேசிய நோடாக இருப்பது ‘சிப் கொலம்பியா’ என்ற பல்லுயிர்த் தகவல் அமைப்பு. 1993-ம் ஆண்டுச் சட்டத்தின் வழி உருவான ஹம்போல்ட் என்ற பல்லுயிர் ஆய்வு நிறுவனம் அதை ஒருங்கிணைக்கிறது. ஒரு பல்கலைக்கழக உலர்தாவரகத்தில் பழைய செடி மாதிரிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எந்த இனம், எங்கே, எந்த நாளில், யார் சேகரித்தது என்பதை ‘டார்வின் கோர்’ என்ற பொது வடிவத்தில் எழுதக் கற்றுக்கொடுப்பது நோடின் வேலை. புதிதாகத் தரவு வெளியிட வரும் நிறுவனத்துக்கு ஒப்புதல் தருவதும், பிழை இருந்தால் சுட்டிக்காட்டுவதும் அதன் பொறுப்பே. அரிய ஆர்க்கிட் பூத்திருக்கும் இடத்தைத் துல்லியமாக வெளியிட்டால் திருடர்களுக்கு வழி சொன்னதாகிவிடும். அதனால் இருப்பிடத்தைத் தோராயமாக்கி வெளியிடும் முறையையும் சொல்லித்தர வேண்டும்.

ஆனால் செடி ஒட்டிய தாள் அந்த அலமாரியை விட்டு நகராது. பதிவைத் திருத்துவதும் அதை வைத்திருப்பவர்கள்தான். உலகத் தளத்தில் தெரிவது ஒரு பிரதி, அதிலும் வெளியிட்டவர் பெயர் இருக்கும். ‘மையம்’ என்று சொன்னதும் நம் ஊரில் என்ன தோன்றும்? ‘எல்லாவற்றையும் கொண்டுபோய் அங்கே ஒப்படைக்கணுமா?’ இந்தப் பயம் வந்துவிட்டால் பீரோவைப் பூட்டிவிடுவார்கள்.

சரி, வேறு என்ன சொல்லலாம்? ‘முனையம்’ சரிப்படாது, அது ஏதோ ஒன்று முடியும் இடம். நோடில் எதுவும் முடிவதில்லை, அதைத் தாண்டிப் போகிறது. ‘முடிச்சு’ மூலத்துக்கு நெருக்கம்தான், ஆனால் தமிழில் முடிச்சு என்றாலே அவிழ்க்க வேண்டிய சிக்கல்! ‘ஹப்’ என்பது வேறு சொல். வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் எல்லாம் செருகியிருக்கும் குடம் அது. அதற்கு மையம் பொருந்தும்.

நோடுக்கு நம்மிடம் ‘கணு’ இருக்கிறது. மூங்கிலில், கரும்பில், கணுக்காலில் உள்ள அதே கணு. பள்ளித் தாவரவியலிலும் இதுதான். கரும்பு நடுகிறவர்களைக் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள். பரு இருப்பது கணுவில், வேர் விடுவதும் கணுவில். கணு இல்லாத துண்டை நட்டால் முளைக்காது, மென்று துப்பலாம், அவ்வளவுதான். கணுவுக்கு முன்னும் தண்டு, பின்னும் தண்டு. இரண்டையும் சேர்த்துப் பிடித்தபடியே புதியதைத் துளிர்க்க விடுகிறது. கொலம்பியாவில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான்.

ஆகவே அமைப்புக்கு ‘தேசியக் கணு’, அதை நடத்துபவருக்கு ‘கணு மேலாளர்’. ‘கணுவில் வேலை பார்க்கிறேன்’ என்றால் இப்போதைக்குச் சிரிப்பு வரும். அப்படிச் சொல்லத் தயங்குகிறவர்கள் பெயர்ப்பலகையில் ‘தேசியக் கணு அலுவலகம்’ என்று எழுதிக்கொள்ளலாம்.