மறந்துவிட்டாரா, விட்டுவிட்டாரா?

"அப்பாவுக்கு ரொம்ப மறதி டாக்டர். ஸ்கேன் எடுத்துடலாமா?" என்று மகன் கேட்டார். எழுபதைத் தாண்டிய அப்பா மேஜை விளிம்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற கணக்கர். மனைவி இறந்து எட்டு மாதம். கரன்ட் பில் கட்டவில்லை என்று லைன்மேன் வந்து ஃபியூஸைப் பிடுங்கிப்போன பிறகுதான் வீட்டில் விழித்துக்கொண்டார்கள். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இன்று என்ன தேதி என்றேன். "தெரியலை." நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். "அதெல்லாம் இப்ப வராது, விடுங்க." அவசரப்படுத்தாமல் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மெல்ல, 93, 86, 79 என்று வந்தது. கணக்கு அவரிடம் பத்திரமாக இருந்தது. போடத்தான் மனசில்லை.

அதே வாரம் ஒரு பாட்டி வந்தார். கலகலவென்று பேசினார். தேதி கேட்டால், "வீட்டுல இருக்கிறவளுக்குத் தேதி எதுக்கு?" என்று சிரித்துச் சமாளித்தார். மருமகள் கவனித்தது வேறு: பத்து ரூபாய்க் கொத்தமல்லிக்கும் ஐந்நூறு ரூபாய் நோட்டைத்தான் நீட்டுகிறாராம், கடைக்காரர் கொடுக்கிற மீதியை எண்ணாமலே வாங்கிக்கொள்கிறாராம். சில்லறை கூட்டத் தெரியாமல் போனதை அவர் அப்படி மறைத்துக்கொண்டிருந்தார்.

முதலாமவருக்கு மனச்சோர்வு, பாட்டிக்கு டிமென்ஷியாவின், அதாவது நினைவும் யோசிக்கும் திறனும் படிப்படியாகக் குறையும் நோயின், தொடக்கம். மனச்சோர்வில் இருப்பவர் "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை" என்று தானே புலம்புவார்; டிமென்ஷியா உள்ளவர் பெரும்பாலும் எனக்கொன்றும் இல்லை என்பார். எல்லோரிடமும் இது இவ்வளவு சுத்தமாகப் பிரியாது. இரண்டும் சேர்ந்தே வரலாம். முதுமையில் வரும் மனச்சோர்வு சிலருக்கு டிமென்ஷியாவின் முன்னோட்டமாகவும் இருக்கும். அதனால் மனச்சோர்வு சரியான பிறகும் நினைவாற்றலை மறுபடி சோதித்துப் பார்ப்போம்.

"தானே குளிக்கிறார், தானே சாப்பிடுகிறார், அப்புறம் என்ன?" என்பார்கள். அதெல்லாம் கடைசியில் போகிறவை. முதலில் தடுமாறுவது பணம், மாத்திரை, போன், தனியாக பஸ் ஏறிப் போய்வருவது போன்ற வேலைகள். லாட்டன், பிராடி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1969-இல் தந்த எட்டு வேலைகள் கொண்ட பட்டியலை இன்றும் நாங்கள் பயன்படுத்துகிறோம். வீட்டில் அவ்வளவு தேவையில்லை. போன வருஷம் செய்துகொண்டிருந்த எதை இப்போது செய்வதில்லை என்று யோசியுங்கள். பிறகு, முடியாமல் நின்றதா, பிடிக்காமல் நின்றதா என்று பாருங்கள். பிரஷர் மாத்திரை அட்டையை எண்ணினாலே பாதி தெரிந்துவிடும்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதாவது மறதி என்றாலே அதுதான் என்றில்லை. தைராய்டு குறைவு, பி12 குறைவு, சோடியம் இறங்குவது, காது கேளாமை, கடையில் தானே வாங்கிப் போடும் தூக்க மாத்திரை, இவையும் மறதிபோலவே தெரியும். ஸ்கேனுக்கு முன்பே இவற்றைப் பார்த்துவிடலாம்.

எனக்குக் கோபம் வருவது ஒரே இடத்தில்தான்: பாசத்தில் எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வது. ஏடிஎம் கார்டு மகனிடம், அடுப்படி மருமகளிடம், பெரியவர் நாற்காலியில். சோர்ந்திருப்பவரை இது இன்னும் அமுக்கும். டிமென்ஷியா உள்ளவருக்கும் முழு வேலையைப் பறிக்க வேண்டாம். அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், காய் அவர் நறுக்கட்டும். மாத்திரையைக் கிழமைவாரியான டப்பாவில் போட்டுவையுங்கள், எடுத்து விழுங்குவது அவராக இருக்கட்டும்.

"நான் போய்ச் சேர்ந்தா உங்களுக்கு நிம்மதி" என்று பெரியவர்கள் சொன்னால் வயசான பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம்.

அந்தக் கணக்கருக்கு மாத்திரை பிடிக்கச் சில வாரங்கள் ஆயின. மூன்றாம் மாதம் தனியாக, பஸ்ஸில் வந்தார். எழுந்து போகும்போது கதவருகே நின்று, "உங்க ரிசப்ஷன்ல எனக்கு இருபது ரூபாய் மீதி தரணும்" என்றார்.