குமிழி குறைந்தால் மோட்டரை மாற்றச் சொல்லாதீர்கள்

கடந்த வாரம் இலங்கையின் மட்டக்களப்பிலுள்ள கல்லடியில் ஒரு வீட்டிற்குச் சென்று திரும்பிய பிறகே இதை எழுதுகிறேன். ஸ்பா தொட்டியில் குமிழிகள் ஒரு பக்கத்தில் மட்டுமே வருவதாக அழைத்திருந்தார்கள். நான் தொட்டியைப் பார்ப்பதற்கு முன்பாகவே வீட்டுக்கார ஐயா, "மோட்டருக்கு வயசாயிட்டு மனே, இதைவிடப் பெரிசாப் பார்த்துப் போடு" என்றார். பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்தபோது, தொட்டிக்குக் காற்றை ஊதும் காற்று மோட்டருக்குச் செல்லும் வயர், மின் கசிந்தால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து நேரடியாக மின்சாரத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. மோட்டர் ஓடும்போதெல்லாம் சுவிட்ச் விழுந்துகொண்டிருந்ததால் யாரோ ஒருவர் அவ்வாறு மாற்றிக் கொடுத்திருக்கிறார். மோட்டருக்குள் தண்ணீர் நின்றது. முதல் நாள் மாலை அதே தொட்டியில் பேரப்பிள்ளைகள் இருவர் குளித்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட நேரடி இணைப்பை இவ்வாண்டில் நான் காண்பது இது மூன்றாவது முறை.

பாசிக்குடா விடுதிகளிலும், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் கட்டிய வீடுகளிலும் ஸ்பா தொட்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலைச் செய்துவரும் எனக்கு மிகுந்த சலிப்பைத் தருவது, குமிழி குறைந்தால் மோட்டர் பலவீனமாகிவிட்டது என்ற நம்பிக்கையே. மோட்டர் காற்றைத் தள்ளும் கருவி மட்டுமே. எவ்வளவு காற்று, எந்தத் துளை வழியாக வெளிவரும் என்பதைக் குழாயும் துளைகளும் அவற்றின் மேல் நிற்கும் தண்ணீரும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. பாதித் துளைகள் அடைபட்ட தொட்டிக்குப் பெரிய மோட்டரைப் பொருத்தினால், போக வழியில்லாத காற்று குழாயின் ஒட்டுகளைப் பிரிக்கும். தன் வழியே செல்லும் காற்றினாலேயே குளிர வேண்டிய மோட்டர் சூடேறித் தானாக நின்றுவிடும். அப்போது அதைவிடவும் பெரிய மோட்டரைத் தேடுகிறார்கள். அடைப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

முதலில் எந்தக் குமிழியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தொட்டியின் அடியிலும் இருக்கைகளிலும் உள்ள சிறு துளைகளுக்குக் காற்று மோட்டர் காற்றனுப்புகிறது. பக்கச் சுவரிலுள்ள பெரிய ஜெட்டுகள் தண்ணீர்ப் பம்பினால் இயங்குபவை. அவை விரைந்து பாயும் தண்ணீருடன் காற்றைத் தாமே இழுத்துக்கொள்கின்றன. பக்க ஜெட்டுகள் வலுவிழந்தால், விளிம்பிலுள்ள காற்றுத் திருகு மூடியிருக்கிறதா என்று பார்த்த பின், பம்பை நிறுத்தி வடிகட்டியை வெளியே எடுத்து ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அந்த நேரத்தில் தொட்டிக்குள் எவரும் இருக்கக் கூடாது. வேகம் திரும்பினால் குற்றம் வடிகட்டியினுடையது. நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு நேராகத் தொட்டிக்குள் இறங்கும் வழக்கம் வடிகட்டியை எவ்வளவு விரைவாக அடைக்கிறது என்பதை நான் கையால் கழுவி அறிந்திருக்கிறேன். தயவுசெய்து முதலில் கிணற்றடியில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள்.

கனடாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொட்டிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 60 ஹேர்ட்ஸுக்காகச் செய்யப்பட்ட பம்ப் நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும். அதைப் பழுது என்று எண்ணிக் கழற்றிப் பயனில்லை. 120 வோல்ட் பம்பை நமது 230 வோல்ட்டில் நேரடியாக இணைத்தால் எரிந்தே போகும்.

இனி அடித் துளைகள். ஒரு பக்கம் மட்டும் குமிழி வருகிறதென்றால் நான் முதலில் பார்ப்பது தொட்டியின் மட்டத்தை. ஆயிரம் லீற்றர் தண்ணீர் நிறைந்த தொட்டி ஒரு தொன்னுக்கும் மேற்பட்ட பாரம். நமது கரையோர மணலில், அதிலும் மாரி முடிந்த பிறகு, அது ஒரு பக்கமாக அமர்வது சாதாரணம். காற்று தனக்கு எதிர்ப்புக் குறைந்த வழியையே தேடும். ஒரு பக்கம் 2 சென்ரிமீற்றர் தாழ்ந்தால், அப்பக்கத் துளைகளுக்கு மேல் அந்தளவு தண்ணீர் கூடுதலாக நிற்கிறது. காற்று பெரும்பாலும் உயர்ந்த பக்கத்தால் போய்விடுகிறது. இதைக் காண ரசமட்டம்கூடத் தேவையில்லை. தொட்டியை நிரப்பி, நான்கு மூலைகளிலும் விளிம்புக்கும் நீர்ப்பரப்புக்கும் உள்ள இடைவெளியை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். கல்லடி வீட்டில் அந்த வேறுபாடு 3 சென்ரிமீற்றர் இருந்தது.

அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளைகள் ஊமையாக இருந்தால் அது சுண்ணாம்புப் படிவு. உங்கள் கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைதான். கடினத் தன்மையுள்ள கிணற்று நீரில் இது விரைவாக வரும். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்நீர் கிடைக்குமிடத்தில் அதைக் கொண்டு நிரப்புவது நல்லது. தொட்டியை வடித்து, மின்சாரத்தைத் துண்டித்து, தென்னை ஈர்க்கினால் துளைகளை மெதுவாகக் குடைந்துவிடுங்கள். ஆணியும் துளைபொறியும் வேண்டாம். ஒரு துளை பெரிதானால் மற்றத் துளைகளின் காற்றையும் அதுவே எடுத்துக்கொள்ளும், அதன்பின் அதைச் சரிசெய்ய வழியே இல்லை. மிஞ்சிய படிவை வெள்ளை வினாகிரியில் ஊறவிட்டுக் கரைக்கலாம். ஆனால் குளோரின் சேர்த்த தண்ணீரிலோ, குளோரின் தூள் ஒட்டியிருக்கும் தொட்டியிலோ எந்த அமிலத்தையும் ஊற்றாதீர்கள். மலசலகூடம் கழுவும் அமிலத்தைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு இருமிக்கொண்டு வெளியே ஓடிவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எழுவது நச்சு வாயு, நுரையீரலை எரிக்கும்.

எல்லாத் துளைகளும் ஒன்றாக வலுவிழந்தால் மோட்டரின் ஓசையைக் கேளுங்கள். சுருதி வழக்கத்தைவிட உயர்ந்து கீச்சிட்டால் காற்று செல்லும் பாதை அடைபட்டிருக்கிறது. காற்று உள்ளே இழுக்கப்படும் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம், கச்சான் காற்றுக் காலத்துத் தூசு படிந்திருக்கலாம். பலகைக்குள்ளிருந்து சீறும் ஓசை வந்தால் குழாய் ஒட்டு விட்டிருக்கிறது. உறுமல் கேட்டால், அல்லது ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், உடனே நிறுத்துங்கள். தண்ணீர் மோட்டருக்குள் வந்திருக்கக்கூடும். மோட்டருக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள, தண்ணீரைப் பின்னோக்கி வரவிடாத நொன்-ரிட்டர்ன் வால்வு தேய்ந்துவிட்டால், மோட்டர் நின்றவுடன் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி வரும். அதனால்தான் அந்தக் குழாய் நீர்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய ஓர் அடி உயர்ந்து வளைந்து இறங்க வேண்டும். செலவைக் குறைப்பதற்காக அந்த வளைவை விட்டுவிடும் குழாய் வேலைக்காரர்களிடம் என் கோபத்தை நான் மறைப்பதில்லை.

அந்த நிலையில் சுவிட்ச் விழுவது பழுது ஆகாது; அது தன் வேலையைச் செய்கிறது. தொட்டிக்குரிய ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கிறது. நனைந்த உடம்புடன் தண்ணீருக்குள் அமர்ந்திருப்பவருக்கு அதைவிட வேறு காவல் கிடையாது. அதைத் தவிர்த்து இணைப்புக் கொடுக்கும்படி எந்த மின்னியலாளரையும் கேட்காதீர்கள். தாமாக முன்வந்து செய்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

கல்லடியில் தொட்டியை வடித்து, தாழ்ந்த பக்கத்துக்குக் கொங்கிரீட் பலகை வைத்து மட்டமாக்கி, வால்வை மாற்றி, குழாயை உயர்த்தி வளைத்தோம். பழைய மோட்டரின் பெயரிங் துருப்பிடித்திருந்ததால் அதே அளவில் புதியதொன்றைப் பொருத்தினேன், பெரியதை அல்ல. நேரடி இணைப்பைக் கழற்றி, மின்னியலாளரைக் கொண்டு எல்லாவற்றையும் ட்ரிப் சுவிட்சின் கீழ் கொண்டுவந்த பிறகு, அதிலுள்ள சோதனைப் பொத்தானை ஐயாவையே அழுத்தச் சொன்னேன். சுவிட்ச் விழுந்தது. மாதத்திற்கு ஒரு தடவை இப்படி அழுத்திப் பார்க்கும்படியும், அது விழாத நாளில் பேரப்பிள்ளைகளைத் தொட்டிக்கு அருகில் விடாமல் என்னை அழைக்கும்படியும் கேட்டுக்கொண்டு வந்தேன்.